பழைய அமெரிக்க வி8 கார்: ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் திணறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964ஆம் ஆண்டு மாடலாக போன்டியாக் ஜிடிஓ 389 கன அங்குல எஞ்சினுடன் வந்ததிலிருந்து 1970களின் முற்பாதி வரை அமெரிக்காவில் விற்பனையான, நடுத்தர உடலுக்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்த கார்களை மசில் கார்கள் என்று அழைக்கிறார்கள். அவற்றில் கம்ப்யூட்டர் இல்லை. எனவே ஸ்கேனரை மாட்டிக் கோளாறைப் படித்துவிட வழியும் இல்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் 1969 ஷெவர்லே காமரோ எஸ்எஸ் காரின் 350 கன அங்குல (5.7 லிட்டர்) எஞ்சினையும், அதில் அமர்ந்து காற்றையும் பெட்ரோலையும் கலந்து தந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதைக் கழற்றிவிட்டு ஹாலி என்ற வேறு தயாரிப்புக் கார்புரேட்டர் போட்டவர்கள் பலர் என்பதால், அவர்களுக்கானதும் இடையிடையே வரும்.

திணறல் என்று பொதுவாகச் சொன்னால் போதாதா? எப்போது திணறுகிறது என்று ஏன் கேட்கிறீர்கள்?

போதாது. மிதித்த அந்தக் கணத்திலேயே எஞ்சின் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறதா, மெதுவாக மிதிக்கும்போது மட்டும் தடுமாறுகிறதா, பெடலைத் தரை வரை அழுத்தினால்தான் மூச்சு முட்டுகிறதா, நன்றாக இழுத்துக்கொண்டு போய் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் அடங்குகிறதா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது. முதல் வகைக்கு ஆக்சிலரேட்டர் பம்ப்பும் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்), இரண்டாவதற்கு ஐடில் (பெடலை மிதிக்காத மெது ஓட்டம்) சர்க்யூட்டும் வேக்குவம் கசிவும், மூன்றாவதற்குக் கார்புரேட்டரின் செகண்டரிப் பக்கம் (பெரிய பின் துளைகள்), நான்காவதற்குப் பெட்ரோல் வரத்து என்று தொடங்கலாம். ஒரு தாளில் எஞ்சின் சூடு, கியர், ஏறத்தாழ எத்தனை ஆர்பிஎம், பெடலை எவ்வளவு மிதித்தபோது என்று நான்கு குறிப்புகள் எழுதிக்கொண்டு வருபவரின் கார் பாதி பழுது பார்க்கப்பட்டது போலத்தான்.

மிதித்த கணத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஐடிலில் ஓடும் ஆரோக்கியமான எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த்தொகுதி) 17 முதல் 21 பாதரச அங்குல வேக்குவம் இருக்கும். பெடல் இயக்கும் காற்றுக் கதவான த்ராட்டில் திடீரெனத் திறந்ததும் அது ஏறக்குறையச் சுழியத்துக்கு விழுகிறது. காற்று எடையற்றது போல உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோலோ கனமானது, தயங்கித்தான் புறப்படும். அதோடு, வேக்குவம் குறைந்ததால் ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி மேனிஃபோல்டின் சுவர்களில் படலமாகப் படிந்துவிடுகிறது. முக்கியப் பெட்ரோல் துளையான மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வரத் தொடங்கும் வரையிலான அந்தச் சிறிய இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பீச்சுகிறது. இதே கணத்தில், வேக்குவத்தால் இயங்கி டைமிங்கை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் விலகிக்கொள்வதால் தீப்பொறி விழும் நேரமும் பின்னுக்குப் போகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முன்பைவிட அதிக வோல்டேஜும் தேவைப்படுகிறது. ஐடிலில் ஒளிந்திருந்த பலவீனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும் தருணம் இது.

அப்படியானால் கார்புரேட்டரைத்தானே முதலில் கழற்ற வேண்டும்?

பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இக்னிஷன் (தீப்பொறி அமைப்பு) சரியில்லாத எஞ்சினில் கார்புரேட்டரை எத்தனை முறை ட்யூன் செய்தாலும், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடுவதாகவே முடியும். டைமிங் பின்தங்கிய எஞ்சினில் பம்ப் பீச்சும் அளவைக் கூட்டினால் திணறல் சற்றுக் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் பிளக்குகள் கறுத்து, சில வாரங்களில் வேறொரு திணறல் வரும். முதலில் இக்னிஷன், பிறகு வேக்குவம், பிறகு பெட்ரோல் வரத்து, அதன் பின்னரே கார்புரேட்டர் என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சினை நிறுத்திய நிலையில், ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பெடலை முழுவதும் மிதிக்க, மற்றொருவர் மேலிருந்து த்ராட்டில் தகடுகள் செங்குத்தாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெடலுக்கு அடியில் கால்விரிப்பு சுருண்டு கிடந்தது தெரியாமல் கோளாறைத் தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் எதைப் பார்ப்பது?

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்து தரும் கருவி. மூடியைத் திறந்ததும் உள்ளே சுழலும் ரோட்டரைக் கையால் பிடித்து, அது சுழலும் திசையிலேயே சற்றுத் திருப்பிப் பாருங்கள். ஷெவர்லேயின் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் மையவிலக்கு எடைகள் ரோட்டருக்கு நேர் கீழே இருக்கின்றன. விட்டவுடன் ரோட்டர் ஸ்பிரிங்கின் இழுப்பில் ‘டக்’கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ அங்கேயே நின்றுவிட்டாலோ, எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுள்ளன. எஞ்சின் வேகம் கூடும்போது டைமிங் முன்னேறவில்லை என்று பொருள்.

அடுத்து, பாயின்ட்: உயர் வோல்டேஜ் தரும் காயிலின் மின்சாரத்தை வெட்டி வெட்டிப் பொறி எழுப்பும் சிறு சுவிட்ச். வி8 எஞ்சினுக்கு டுவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரி இருக்க வேண்டும். மூடியில் உள்ள சிறு ஜன்னலைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே அதைத் திருத்த முடிவது இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் பெரிய வசதி. டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஒரு டிகிரி மாறிவிடும். எனவே டுவெல்லை முதலில் வைத்துவிட்டு, டைமிங்கைப் பிறகு வையுங்கள்; தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை வேலை.

மூன்றாவதாகச் சொல்லப்போவதை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. நான் பார்த்த ஒரு காமரோவில் கார்புரேட்டர் இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டு, புதிது போலத் திரும்பி வந்திருந்தது. ஐடில் வெண்ணெய் போல இருக்கும். பெடலைத் தொட்டால் ஒரு வெட்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டினால் வெட்டு இல்லை. பாயின்ட் பொருத்தப்பட்ட தகட்டை உடலுடன் இணைக்கும், துணி உறை போட்ட விரல் நீளத் தரை (எர்த்) வயர்தான் காரணம். வெளியே பார்க்க முழுதாக இருந்தது. நகத்தால் வளைத்தபோது உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, உறை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வேக்குவம் அட்வான்ஸ் தகட்டை அசைக்கும்போதெல்லாம் அந்த வயர் தொடர்பு விட்டு, காயிலுக்கு மின்சுற்று அறுந்துகொண்டிருந்தது. இன்றும் பாயின்ட் வைத்த கார் வந்தால் நான் முதலில் வளைத்துப் பார்ப்பது அந்த வயரைத்தான்.

வேக்குவம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் திணறல் வரும். கையால் இயக்கும் வேக்குவம் பம்பை மாட்டி 15 அங்குலம் வரை இழுத்தால், தகடு நகர வேண்டும். முள் இறங்காமல் நிற்க வேண்டும்.

பிளக் வயர்கள் புதியவை. அவற்றைச் சந்தேகிக்க வேண்டுமா?

எந்தப் பாதையில் இழுக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து வெடிப்பவை. ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையும்கூட. அவற்றின் வயர்கள் நெடுகிலும் ஒட்டி ஓடினால், ஐந்தின் மின்துடிப்பு ஏழில் தூண்டப்பட்டு, அங்கே முன்கூட்டியே வெடிக்க வைக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே வேறொரு வயரைச் செலுத்தினாலோ, அவற்றைக் குறுக்காக விலக்கி ஓட்டினாலோ போதும்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட பிறகுதான் திணறல் வந்தது. ஏன்?

பாயின்ட் இருந்த கார்களில் காயிலுக்குப் போகும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாக வருகிறது. பாயின்ட் கருகாமல் இருக்க அந்த ஏற்பாடு. முழு 12 வோல்ட் கேட்கும் எலெக்ட்ரானிக் அமைப்பை அதே வயரில் மாட்டினால், ஐடிலில் ஓடிவிடும். சுமை ஏறியதும் பொறி பலவீனமாகி மிஸ் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

டைமிங் எவ்வளவு வைக்க வேண்டும்?

தொழிற்சாலையில் வந்த நிலைக்கு அருகிலுள்ள 350 எஞ்சினில், வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்த நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருமுன், ஐடிலில் 8 முதல் 12 டிகிரியும், 3000 ஆர்பிஎம் அளவில் மொத்தம் 34 முதல் 36 டிகிரியும் வருமாறு வைப்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. திணறலைப் பொறுத்தவரை ஐடில் டைமிங்கே முக்கியம். மிதித்த கணத்தில் வேக்குவம் அட்வான்ஸ் விலகிவிட, எடைகளும் இன்னும் விரியாத நிலையில், எஞ்சினுக்குக் கையில் இருப்பது அது மட்டுமே. ஆனால் ஐடிலில் கூட்டியது மொத்தத்திலும் கூடும் என்பதை மறந்து திருப்பினால் பிஸ்டனுக்குக் கேடு.

இங்கே ஏமாற ஓர் இடம் உண்டு. கிராங்கின் முன்னால் உள்ள, அதிர்வைக் குறைக்கும் சக்கரமான ஹார்மோனிக் பேலன்சர், உள் வளையமும் வெளி வளையமும் நடுவில் ரப்பருமாகச் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டு ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளி வளையம் நழுவி, அதில் வெட்டிய டைமிங் கோடும் பொய் சொல்லத் தொடங்கும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் நிறுத்தியைத் திருகி, எஞ்சினைக் கையால் இரு பக்கமும் திருப்பி, இரண்டு குறிகளின் நடுப்புள்ளி கோட்டுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே டைமிங் லைட்டை நம்புங்கள்.

முன்பு மிதித்தால் ‘டிங் டிங்’ என்று தட்டியது. டைமிங்கைக் குறைத்தேன், தட்டல் போய்த் திணறல் வந்தது.

1969இல் அந்த 350 கன அங்குல, 300 குதிரைத்திறன் எஞ்சினின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) 10.25:1. ஈயம் கலந்த, தட்டாமல் எரியும் உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி வடிவமைத்த அளவு அது. 1971 மாடல்களிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனைக் குறைத்துவிட்டது. இன்றைய பெட்ரோலில் தட்டல் கேட்டால், ஐடில் டைமிங்கைக் குறைப்பதைவிட, கிடைப்பவற்றில் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி, எடைகளின் ஸ்பிரிங்கைச் சற்றுக் கடினமானதாக மாற்றி, அட்வான்ஸ் மெல்ல வருமாறு செய்வதே மேல்.

வேக்குவம் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். முள் அசையாமல் 17க்கு மேல் நின்றால் நல்லது. அசையாமலே தாழ்ந்து நின்றால் கசிவோ பின்தங்கிய டைமிங்கோ இருக்கலாம். பந்தயக் காம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினில் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் நெருக்குங்கள்: பிரேக் பூஸ்டர், பிசிவி வால்வு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மாடுலேட்டர். நெருக்கியதும் ஐடில் மாறினால் கசிவு அந்தப் பாதையில். பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்த கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ஐடில் இறங்குவதும் ஓர் அடையாளம்.

கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டையும் மேனிஃபோல்டின் ஓரங்களையும் சோதிக்கக் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பது வழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டுக்கும் கசியும் பிளக் வயருக்கும் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் வேலை என்பதால், குளிர்ந்த எஞ்சினில் மட்டும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள்.

ஆக்சிலரேட்டர் பம்ப் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

எஞ்சினை நிறுத்துங்கள், ஓடும் எஞ்சினின் கார்புரேட்டருக்குள் குனிந்து பார்க்க வேண்டாம், திருப்பி வெடித்தால் முகத்தில்தான் வரும். குளிரில் காற்றைக் குறைக்கும் மேல் தகடான சோக் தகட்டைத் திறந்து பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபடி த்ராட்டிலை மெல்ல அசையுங்கள். நூலளவு அசைந்ததுமே முன்பக்கத்து இரண்டு குழல்களிலும் பெட்ரோல் கிளம்ப வேண்டும். இரண்டும் சம கனமுள்ள, உடையாத கம்பி போல விழ வேண்டும். ஒரு பக்கம் சொட்டுகிறது, அல்லது கால்வாசி திறந்த பிறகே வருகிறது என்றால் திணறலின் காரணம் கண்முன் இருக்கிறது. ஒரு வாரம் நிறுத்தி வைத்த காரில் இதைச் செய்யாதீர்கள்; கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் ஆவியாகி வற்றி, நல்ல பம்ப்பும் வறண்டிருக்கும்.

குவாட்ராஜெட்டில் பம்ப் பிஸ்டனின் ரப்பர் கிண்ணம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறித் தடித்தோ சுருங்கியோ போவது சாதாரணம். எத்தனாலைத் தாங்கும் புதிய வகை கிடைக்கிறது. பம்ப் லீவரில் இரண்டு துளைகள் உண்டு. உள் துளையில் கம்பியை மாட்டினால் வீச்சு கூடும். ஹாலியில் த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் பம்ப் லீவருக்கும் அதை இயக்கும் தண்டுக்கும் இடையே 0.015 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். மூடிய நிலையில் தொளதொளப்பு சிறிதும் கூடாது.

பீச்சுவது சரியாக இருந்தும் திணறினால், சோக் தகட்டைக் கொஞ்சம் மூடி ஓட்டிப் பாருங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, கூடினால் அதிகமாகிறது. மிதிக்கும்போது கார்புரேட்டர் வழியாகத் தும்முவதும் போதாமையின் குறிதான். சைலன்சரில் கரும்புகை வந்தால் அது நேரெதிர்.

மெதுவாக மிதிக்கும்போதுதான் தடுமாறுகிறது. வேகமாக மிதித்தால் பாய்கிறது.

அப்படியானால் பம்ப்பை விட்டுவிடுங்கள். ஐடிலுக்கான பெட்ரோல் வெளிவரும் துளைக்குச் சற்று மேலே, த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி, டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்ற நீள்துளை இருக்கிறது. தகடு திறக்கத் திறக்க அந்தத் துளை வெளிப்பட்டு, மெயின் ஜெட் விழிக்கும் வரை பெட்ரோல் தருகிறது. ஐடில் நிற்கவில்லை என்று ஐடில் ஸ்க்ரூவைத் திருகித் திருகித் தகட்டைத் திறந்து வைத்திருந்தால், அந்தத் துளை ஐடிலிலேயே முழுக்க வெளிப்பட்டுவிடும். மிதிக்கும்போது கொடுக்க அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பார்த்தால், துளை சிறு சதுரமாக, ஏறக்குறைய அரை முதல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் ஐடில் டைமிங்கைக் கூட்டுங்கள். ஆர்பிஎம் ஏறும், ஸ்க்ரூவைத் தளர்த்த இடம் கிடைக்கும். கார்புரேட்டர் கோளாறு என்று தோன்றியதன் மருந்து டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தரை வரை மிதித்தால் மட்டும் மூச்சு முட்டுகிறது.

குவாட்ராஜெட்டின் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் மிகப் பெரியவை. பின் துளைகளின் மேல் ஒரு காற்றுக் கதவு இருக்கிறது. எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் காற்று விட வேண்டிய காவலாளி அது. அது படீரெனத் திறந்துவிட்டால் காற்று வெள்ளமாகப் புகுந்து, பெட்ரோல் பின்தங்கிவிடும். அப்படித் திறக்காமல் பிடித்து வைப்பவை இரண்டு: ஒரு ஸ்பிரிங், சோக் புல்-ஆஃப் எனப்படும் வேக்குவம் டயஃப்ரம். டயஃப்ரம் கிழிந்திருப்பதுதான் அதிகம். கை பம்பால் இழுத்து, அது நிற்கிறதா, விட்டதும் ஓரிரு நொடி எடுத்துக்கொண்டு மெல்லத் தளர்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் ஸ்பிரிங். பக்கவாட்டுப் பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஸ்பிரிங் ஊசியைத் தொட்ட இடத்திலிருந்து அரை முதல் முக்கால் சுற்று இறுக்குவது வழக்கமான தொடக்கம். பூட்டைத் தளர்த்தும்போது சிறு ஸ்க்ரூடிரைவரால் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஸ்பிரிங் முழுதும் அவிழ்ந்துவிடும்.

ஹாலியின் வேக்குவம் செகண்டரி வகையில் இதே வேலையை நிறம் பூசிய ஸ்பிரிங்குகள் செய்கின்றன. திணறினால் ஒரு படி கடினமானதைப் போடுங்கள்.

மூன்று நான்கு நொடி நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு அடங்குகிறது.

கிண்ணம் காலியாகிறது. குவாட்ராஜெட்டின் கிண்ணம் சிறியது என்பதால் வரத்துக் குறையை அது மறைக்காது. கார்புரேட்டரின் நுழைவாயிலில் உள்ள சிறு ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், அரை நிமிடத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள ரப்பர் துண்டுகளைப் பாருங்கள். அவை பெட்ரோல் கசியாமலே காற்றை உறிஞ்சும்.

குளிரில் மட்டும் வருகிறது, அல்லது சூட்டில் மட்டும் வருகிறது என்றால்?

குளிரில் என்றால் சோக் சீக்கிரம் திறந்துவிடுகிறது, அல்லது மேனிஃபோல்டைச் சூடேற்றும் ஹீட் ரைசர் வால்வு திறந்த நிலையிலேயே துருப்பிடித்து நிற்கிறது. சூட்டில் என்றால் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் தடித்த வெப்பத் தடுப்புக் கேஸ்கெட் போடுவது பெரும்பாலும் போதும்.

ஏர்-ஃப்யூல் மீட்டர் மாட்டியிருக்கிறேன். திணறும்போது ‘லீன்’ என்று காட்டுகிறது. ஜெட்டைப் பெரிதாக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். எக்ஸாஸ்ட்டில் உள்ள அந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி விழாமல் போனால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும்; மீட்டர் அதைப் பெட்ரோல் பற்றாக்குறை என்றே படிக்கும். இக்னிஷன் குற்றமற்றது என்று உறுதியான பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இன்னும் திணறுகிறது.

எஞ்சினின் உட்பகுதிக்குப் போக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்து, கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள்; பல டிகிரி திரும்பியும் ரோட்டர் அசையாவிட்டால் டைமிங் செயின் தொய்ந்துவிட்டது. அக்கால காம்ஷாஃப்ட் பல்சக்கரங்கள் பலவற்றில் சத்தம் குறைக்க நைலான் பற்கள் இருந்தன. அவை உடைந்து ஆயில் பேனில் கிடக்கும். காம்ஷாஃப்ட்டின் ஒரு மேடு தேய்ந்திருப்பதும் உண்டு. வால்வு கவரைக் கழற்றினால் வால்வை அழுத்தும் ராக்கர்களில் ஒன்று மட்டும் குறைவாக எழுவது கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, எஞ்சின் மவுன்ட். 1965 முதல் 1969 வரையிலான ஷெவர்லே கார்களில் மவுன்ட்டின் ரப்பர் பிரிந்து, மிதித்ததும் எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துவிடும் ஆபத்து இருந்ததால், 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து, எஞ்சின் எழாமல் கட்டிப்பிடிக்கும் கேபிளை மாட்டினார்கள். பானட்டைத் திறந்து வைத்து, காருக்கு முன்னால் ஒருவரும் நிற்காமல், பிரேக்கை நன்றாக அழுத்தியபடி டிரைவில் போட்டு லேசாக மிதியுங்கள். ஒரு விரல் தடிமனுக்கு மேல் எஞ்சின் எழுந்தால், மவுன்ட்டை மாற்றும் வரை காரை வெளியே எடுக்க வேண்டாம்.